பிரேக் பேட் சீக்கிரம் தேய்வது ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாணவர்களே, உங்களில் சிலருக்கு 16 வயது நிறைந்து, பி2 உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்கள் அப்பாவின் ஸ்கூட்டரிலோ அண்ணனின் கப்சாயிலோ பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கு வருகிறவர்கள். எப்படியும், மோட்டார் கடையில் இந்தப் பேச்சை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். "பேட் முடிஞ்சிபோச்சி, மாத்தணும்" என்பார் கடைக்காரர். "போன வருஷம்தானே மாத்தினோம்?" என்பார் அப்பா. பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் உடனே அறிவுரை சொல்வார்: "பிரேக்கை மெதுவா பிடிச்சா தேயாது."

இந்த அறிவுரை சரியா? படிவம் 3 அறிவியலில் படித்த இயக்கச் சக்தியும் படிவம் 4 இயற்பியலில் வரும் வெப்பமும் இருந்தால், இதற்கு நாமே விடை காணலாம். மலாய்ப் பாடநூலில் 'தெனாகா கினெத்திக்' என்று படிப்பீர்களே, அதுதான் இயக்கச் சக்தி.

முதலில் பிரேக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். முன்சக்கரத்தோடு சேர்ந்து ஓர் எஃகுத் தட்டு சுழல்கிறது. அதுதான் டிஸ்க். அதன் இருபுறமும் இரண்டு பேட்கள் இருக்கின்றன. நீங்கள் பிடியை அழுத்தினால், குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தைக் கேலிப்பரில் இருக்கும் பிஸ்டனுக்குக் கொண்டுபோகிறது. பிஸ்டன் பேட்டைத் தள்ள, பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது. உராய்வு உண்டாகி, வண்டி நிற்கிறது.

நின்றுவிட்டது சரி. ஓடும்போது வண்டியிடம் இருந்த சக்தி எங்கே போனது? சக்தி அழியாது என்று படித்திருக்கிறோம். அது வெப்பமாக மாறி, பேட்டிலும் டிஸ்க்கிலும் இறங்கிவிட்டது. ஆக, பிரேக் என்பது இயக்கச் சக்தியை வெப்பமாக மாற்றும் கருவி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் வெறும் கணக்குதான்.

எவ்வளவு சக்தி?

ஸ்கூட்டரும் ஓட்டுநரும் சேர்ந்து 170 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். இயக்கச் சக்தியின் வாய்பாடு: பொருண்மையில் பாதி × வேகம் × வேகம். அதன்படி ஏறக்குறைய 23,600 ஜூல் வருகிறது. இந்தச் சக்தியைக் கொண்டு 250 கிராம் நீரை, அதாவது ஒரு குவளை நீரை, ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் சூடேற்றலாம். ஒவ்வொரு முறை 60-இலிருந்து நிற்கும்போதும் பிரேக்குக்கு இவ்வளவு வேலை.

வேகத்தை மாற்றிப் பாருங்கள். 30 கிலோமீட்டரில் வந்து நின்றால் 5,900 ஜூல்தான். 90 கிலோமீட்டரில் வந்தால் 53,100 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வேகம் அதே வேகத்தால் பெருக்கப்படுவதுதான் காரணம். தேர்வில் இதை எல்லாரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் சாலையில் இறங்கியதும், 60-க்கும் 70-க்கும் பெரிதாக என்ன வேறுபாடு என்று நினைத்துவிடுகிறோம்.

அந்த வேறுபாட்டையும் கணக்கிடலாம். பின்னால் 60 கிலோகிராம் எடையுள்ள நண்பர் ஏறினால், மொத்தப் பொருண்மை 170-இலிருந்து 230 ஆகிறது. சக்தி சுமார் 35 விழுக்காடு கூடுகிறது. நண்பரே இல்லாமல், வேகத்தை மட்டும் 60-இலிருந்து 70-க்கு ஏற்றினாலும் சக்தி 36 விழுக்காடு கூடுகிறது. அதாவது பத்து கிலோமீட்டர் கூடுதல் வேகம் என்பது, பிரேக்கின் கணக்கில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். நண்பராவது பெட்ரோலுக்குக் காசு கொடுப்பார்.

மெதுவாகப் பிடித்தால் தேயாதா?

இப்போது கடையில் கேட்ட அறிவுரைக்கு வருவோம். ஒரு பொருள் மற்றொன்றின் மீது உராய்ந்து தேய்வதைப் பற்றி, ஆர்ச்சர்ட் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1953-இல் ஓர் எளிய சமன்பாட்டை வெளியிட்டார். தேய்ந்துபோகும் பொருளின் கொள்ளளவு இரண்டைப் பொறுத்துக் கூடும் என்கிறது அது: எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்பது ஒன்று, எவ்வளவு தூரம் உராய்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்க வேண்டும். பொருள் கடினமாக இருந்தால் தேய்வு குறையும்.

விசையைத் தூரத்தால் பெருக்கினால் என்ன கிடைக்கும்? வேலை. மெதுவாக அழுத்தினால் விசை குறையும், ஆனால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கும். உறுதியாக அழுத்தினால் விசை கூடும், தூரம் சுருங்கும். பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். ஏனென்றால், வெளியேற்ற வேண்டிய சக்தி அதே 23,600 ஜூல். பேட்டின் தேய்வை முடிவு செய்வது உங்கள் விரல்களின் மென்மை அல்ல. பேட்டிடம் எவ்வளவு சக்தியை ஒப்படைக்கிறீர்கள் என்பதே.

"ஆனால் மெதுவாகப் பிடிக்கிறவருடைய பேட் உண்மையிலேயே நீண்ட நாள் உழைக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அப்படிப்பட்டவர் பொதுவாக என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதுமே ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறார். அதற்குப் பின் 100, 150 மீட்டர் தூரம் காற்றின் தடை வண்டியை இழுக்கிறது, டயரின் தடை இழுக்கிறது, இஞ்சினும் இழுக்கிறது. பிரேக்கைத் தொடும்போது வேகம் 30-க்கு வந்திருக்கும். பேட்டுக்குப் போகும் சக்தி நான்கில் ஒரு பங்கு. மீதி முக்கால் பங்கு காற்றுக்கும் டயருக்கும் இஞ்சினுக்கும் போய்விட்டது. அவருடைய பேட்டைக் காப்பாற்றியது ஆக்சிலேட்டரை விட்ட கைதான். பிரேக்கைப் பிடித்த கைக்கு அந்தப் பெருமை இல்லை.

நம் ஊர்ச் சந்திப்புகள் பலவற்றில், விநாடிகள் குறைந்துகொண்டே வரும் எண்பலகை இருக்கிறது. பச்சையில் 4, 3 என்று தூரத்திலேயே தெரிந்தால், முறுக்கிக்கொண்டு பாய்வதா, கையை விடுவதா? பேட்டுக்கு மட்டுமல்ல, பெட்ரோலுக்கும் விடை ஒன்றுதான். ஆக்சிலேட்டரை விடுமுன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை விட்டால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் லாரி ஒட்டி வந்தால், வேகம் குறைவதை அதன் ஓட்டுநர் தாமதமாகத்தான் உணர்வார். அப்போது பிடியை இலேசாகத் தொட்டு விளக்கை எரியவிடுங்கள். அதில் தேயும் பேட் ஒரு பொருட்டே இல்லை.

மோசமான பழக்கம் எது தெரியுமா? இரண்டு விரலைப் பிரேக் பிடியின் மேல் ஓயாமல் அழுத்தி வைத்தபடி ஆக்சிலேட்டரையும் முறுக்குவது. இஞ்சின் தரும் சக்தியில் ஒரு பங்கு நேராகப் பேட்டுக்குப் போகிறது. சாலையில் இப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது எளிது: அவர் வண்டியின் பிரேக் விளக்கு அணைவதே இல்லை. விரல் பிடியின் மேல் தயாராக இருப்பது வேறு, அழுத்திக்கொண்டே இருப்பது வேறு.

மலையில் இறங்கும்போது

சமதளத்தில் எப்படிப் பிடித்தாலும் பேட் தாங்கிக்கொள்ளும். மலை அப்படியில்லை.

170 கிலோகிராம் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் நிலைச் சக்தி பொருண்மை × 9.81 × உயரம், அதாவது சுமார் 167,000 ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இது முழுவதும் எங்காவது போயாக வேண்டும். 60 கிலோமீட்டரிலிருந்து ஏழு முறை நிறுத்துவதற்குச் சமமான சக்தி இது. கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையை நினைத்துப் பாருங்கள். அங்கே ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்குகிறோம். ஆயிரம் மீட்டர் என்றாலே 70 முறை நிறுத்துவதற்குச் சமம்.

இதைப் பிரேக்கிடம் மட்டும் விட்டால் என்ன ஆகும்? முன் டிஸ்க்கின் பொருண்மை 0.8 கிலோகிராம் என்றும், பத்தில் ஏழு பங்கு வெப்பம் அதற்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எஃகின் தன் வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 460 ஜூல். ஒருமுறை 60-இலிருந்து நின்றால் டிஸ்க்கின் வெப்பநிலை சுமார் 45 பாகை உயரும். அடுத்த சந்திப்பு வருவதற்குள் காற்று அதைக் குளிர்வித்துவிடும். 100 மீட்டர் உயரத்தை பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால், குளிர நேரமில்லை என்று கொண்டால், 300 பாகைக்கு மேல் உயரும்! உண்மையில் காற்று ஓரளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் அபாயம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

இவ்வளவு சூட்டில் இரண்டு கோளாறுகள் நேரும். பேட் என்பது நார், உலோகத்தூள், கிராஃபைட் போன்றவற்றைப் பிசின் கொண்டு ஒட்டிச் செய்தது. அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பிசின் சிதைந்து வாயு வெளியேறும், உராய்வு குறையும். பிடி வழக்கம்போல் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. ஆர்ச்சர்டின் எளிய கணக்கும் இங்கே பொய்த்துவிடுகிறது. சூடான பேட் அதே சக்திக்குக் கூடுதலாகத் தேயும்.

இரண்டாவது, பிரேக் எண்ணெய் கொதிப்பது. திரவத்தை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம் என்பதால்தான் அது அழுத்தத்தை அப்படியே பிஸ்டனுக்குக் கொண்டுபோகிறது. இது படிவம் 5-இல் வரும் பாஸ்கல் தத்துவம். வாயுவை எளிதாக அமுக்கிவிடலாம். குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டானால், நீங்கள் அழுத்துவது குமிழைத்தான், பேட் நகராது. பிடி மெத்தென்று கைப்பிடி வரை வந்துவிடும். 'டோட் 4' வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 பாகைக்கு இறங்கிவிடும். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில் இது சிறிய செய்தி அல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் என்று நினைக்காதீர்கள்.

ஆகவே, மலையில் சக்தியை இஞ்சினிடம் கொடுங்கள். கப்சாயில் கியரைக் குறைத்தால் இஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். ஸ்கூட்டரில் கியர் இல்லை. ஆனாலும் ஆக்சிலேட்டரை விட்டால், வேகம் மிகவும் குறையாத வரை, சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் இணைப்பு இருக்கும், இஞ்சின் இழுக்கும். வேகம் மிகக் குறைந்துவிட்டால் கிளட்ச் தானாகவே விலகி, வண்டி சும்மா உருளத் தொடங்கும். அப்போது ஆக்சிலேட்டரை இலேசாகத் தொட்டால் மீண்டும் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன் பிரேக்கை உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுவதும் விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். எரிந்த நாற்றம் வந்தாலோ பிடி மெத்தென்று ஆனாலோ ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் தங்களிடம் இருக்கும் பெரிய பிரேக்கையே அணைத்துவிடுகிறார்கள்.

பிடிக்காமலே தேயும் பேட்

சிலர் நிதானமாகத்தான் ஓட்டுவார்கள், ஆனாலும் பேட் தேய்ந்துவிடும். அதுவும் ஒருபுறப் பேட் மட்டும். இங்கே குற்றவாளி பெரும்பாலும் அழுக்கு.

பிடியை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? சுருள்வில் என்று பலர் சொல்வார்கள். டிஸ்க் பிரேக்கில் அந்த வேலைக்குச் சுருள்வில் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது வளையம் சற்றே வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் அது பழைய வடிவத்துக்குத் திரும்ப, பிஸ்டனும் கூடவே ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி பின்வாங்குகிறது. அவ்வளவுதான் இடைவெளி. மழைச்சேறும் பேட் தூளும் பிஸ்டனில் ஒட்டிக்கொண்டால், அல்லது கேலிப்பர் நகரும் ஊசிகள் உலர்ந்து இறுகிவிட்டால், அந்தச் சிறு பின்வாங்கல்கூட நடக்காது. பேட் நாள் முழுவதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். வண்டியைத் தள்ளும்போது கனமாகத் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கடையில் கேலிப்பரைச் சுத்தம் செய்து, ஊசிகளுக்கு உரிய கிரீஸ் போட்டால் சரியாகிவிடும்.

அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். ஒரு காலத்தில் பேட்களில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அது நுரையீரலை அரிக்கும். இன்றைய தூளும் மூச்சில் போக வேண்டிய பொருள் அல்ல. ஓட்டி வந்தவுடன் டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். சங்கிலிக்கு எண்ணெய் தெளிக்கும்போது டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குடித்த பேட் தேயாது, உண்மைதான், வண்டியும் நிற்காது.

முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழும் என்று பயந்து, பின் பிரேக்கை மட்டுமே பயன்படுத்துகிறவர்கள் நிறைய. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பேருந்து நிற்கும்போது நாம் முன்னால் சாய்வதுபோல. அப்போது பின்சக்கரம் தரையை இலேசாகத்தான் அழுத்துகிறது. அங்கே மட்டும் பிரேக் போட்டால் சக்கரம் எளிதில் சறுக்கும், முழுச் சக்தியும் ஒரே இடத்தில் போவதால் பின் பேட் அல்லது பிரேக் ஷூ சீக்கிரம் தேயும். நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, பிடியைப் படிப்படியாக இறுக்கிப் பழகுங்கள்.

எப்போது மாற்றுவது?

பேட் தேய்வதற்காகவே செய்யப்பட்டது. விலை கூடிய டிஸ்க் பிழைக்க, விலை குறைந்த பேட் தன்னைக் கொடுக்கிறது. உராய்வுப் பொருள் முழுதும் போய்விட்டால், பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டத் தொடங்கும். அப்போது கரகரவென்று உலோகச் சத்தம் கேட்கும். ஒரு மாதம் மிச்சப்படுத்தப் போய், பேட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள டிஸ்க்கையும் மாற்ற வேண்டி வரும். அதற்குள் ஒரு குழந்தை சாலையில் குறுக்கே ஓடி வராமல் இருக்க வேண்டும்.

பல பேட்களில் நடுவே ஒரு பள்ளக்கோடு இருக்கும். கோடு மறையப் போகிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கோடு இல்லாவிட்டால் 2 மில்லிமீட்டரை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் சிறு கண்ணாடியையும் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் இறங்கும், கிண்ணத்தில் மட்டம் குறையும். எண்ணெய் குறைந்தால் உடனே ஊற்றிவிடாமல், முதலில் பேட்டைப் பார்க்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதுப் பேட் போட்டபின், நகருமுன் பிடியைப் பலமுறை அழுத்தி, அது இறுகுகிறதா என்று சோதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் பேட்டை மாட்டியிருப்பார்கள், அதனால் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம்.

இனி நீங்கள் செய்ய ஒரு பரிசோதனை. வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் ஒரு நண்பருடன் சேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறை இஞ்சின் எண்ணெய் மாற்றும்போதும், கடைக்காரரிடம் சொல்லி, முன் பேட்டில் எஞ்சியிருக்கும் உராய்வுப் பொருளின் தடிப்பை வெர்னியர் அளவியால் அளக்கச் செய்யுங்கள். ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். தூரம் தற்சார்பு மாறி, தடிப்பு சார்பு மாறி. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை, எவற்றைக் கட்டுப்படுத்தவே முடியாது என்று நீங்களே எழுதுங்கள். பாதை, மழை, பின்னால் ஏறுகிறவர் என்று பட்டியல் நீளும். நான்கு அளவுகள் கிடைத்ததும் வரைபடம் வரைந்து, புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு இழுங்கள். பிறகு அடுத்த நான்கு அளவுகளுக்கு, சிவப்பு விளக்கைக் கண்டதும் ஆக்சிலேட்டரை விடும் பழக்கத்தை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டின் சரிவு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். பேட் எந்தக் கிலோமீட்டரில் முடியும் என்று கணிக்கக் கோட்டை நீட்டும்போது, சுழியம் வரை நீட்ட வேண்டாம். 2 மில்லிமீட்டரில் நிறுத்திவிடுங்கள்.